முத்துநகர் யாருக்கு என்ன சொன்னது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தூத்துக்குடி மாவட்டத்துக் கடிதங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான்: தேர்தல் முடிவை வைத்து, ஆளுங்கட்சியைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியுமா?

பிரையண்ட் நகர் வாசகர்

கே: 2019 மக்களவைத் தேர்தலில் தூத்துக்குடியில் திமுகவின் கனிமொழி ஜெயித்த வித்தியாசம் 3,47,209. 2024-இல் அது 3,92,738 ஆனது. இரண்டாவது முறை அவர் கட்சி தமிழ்நாட்டை ஆண்டுகொண்டிருந்தது. ஆள ஆள ஆதரவு பெருகியிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ப: பெருகியது வித்தியாசம்தான். வாக்கு குறைந்திருக்கிறது. 2019-இல் அவருக்கு விழுந்தது 5,63,143, 2024-இல் 5,40,729. ஐந்து வருடத்தில் 22,414 வாக்கு போய்விட்டது. பிறகு எப்படி வித்தியாசம் 45,529 கூடியது? எதிரே நின்றவர்கள் பிரிந்து நின்றார்கள். 2019-இல் அதிமுகவும் பாஜகவும் ஒரே அணி. அந்த அணியின் தமிழிசை சௌந்தரராஜன் 2,15,934 வாங்கினார். 2024-இல் அதிமுகவின் சிவசாமி வேலுமணிக்கு 1,47,991, பாஜக அணியில் தமிழ் மாநில காங்கிரஸின் எஸ்.டி.ஆர். விஜயசீலனுக்கு 1,22,380, நாம் தமிழர் கட்சியின் ரொவினா ரூத் ஜேனுக்கு 1,20,300. மூவருக்கும் டெபாசிட் போயிற்று.

மூவரின் வாக்கையும் ஒன்றாகக் கூட்டினாலும் 3,90,671தான் வருகிறது. கனிமொழியைவிட ஒன்றரை லட்சம் குறைவு. ஆகவே வெற்றியைப் பற்றி யாரும் சந்தேகம் கிளப்ப முடியாது. ஆனால் ஆளுங்கட்சிக்காரர் கவனிக்க வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. நாம் தமிழர் கட்சி 2019-இல் இதே தொகுதியில் வாங்கியது 50 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. ஐந்து வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. ஆள்பவர் மேல் மனம் கசந்தவர் நேரே பெரிய எதிர்க்கட்சிக்குத்தான் போவார் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதிமுகவையும் பாஜகவையும் தாண்டி அவர் எங்கே போய் நின்றார் என்று பார்த்தால்தான் அந்தக் கசப்பு கண்ணில் படும். வித்தியாசத்தை மட்டும் சுவரொட்டியில் அச்சடித்தால் அது மறைந்துபோகும்.

தெரேசபுரம் வாசகர்

கே: அண்ணாச்சி, 2018 மே 22-ஆம் தேதியும் மறுநாளும் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடத்தி 13 பேர் உயிரை எடுத்தார்கள். அதற்கு நாங்கள் 2019-இல் கொடுத்த அடிதானே அது? இதைச் சொல்லப் பத்திரிகைக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

ப: உங்கள் தெரேசபுரத்திலும் அன்று ஓர் உயிர் போயிற்று. அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். உங்கள் வாதத்துக்கு வலுவான சான்று ஒன்றை நானே எடுத்துத் தருகிறேன். தூத்துக்குடி மக்களவைத் தொகுதி 2009-இல்தான் முதன்முதலாகத் தேர்தலைப் பார்த்தது. அப்போது மாநிலத்தை ஆண்ட திமுகவின் எஸ்.ஆர். ஜெயதுரை ஜெயித்தார். 2014-இல் மாநிலத்தை ஆண்ட அதிமுகவின் ஜெயசிங் தியாகராஜ் நட்டர்ஜி. 2024-இல் மாநிலத்தை ஆண்ட திமுக. நான்கு தேர்தலில் மாநில ஆளுங்கட்சியின் அணி தோற்றது ஒரே ஒரு முறைதான். அது துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த தேர்தல். வாக்கு எண்ணிய நாள் 2019 மே 23, முதலாம் நினைவு நாளுக்கு மறுநாள்.

இதோடு பேனாவை மூடிவைக்கலாம். ஆனால் அதே தேர்தலில் திண்டுக்கல்லில் திமுக வேட்பாளர் ஜெயித்த வித்தியாசம் 5 லட்சத்து 38 ஆயிரத்துக்கு மேல். திண்டுக்கல்லில் துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை. தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38-ஐ அந்த அணி எடுத்தது. மாநிலம் முழுக்க ஓங்கி வீசிய காற்றில் உங்கள் ஊரின் கோபம் எவ்வளவு, பொதுக் காற்று எவ்வளவு என்று 3,47,209 என்ற எண்ணை உடைத்துப் பார்க்க வழியில்லை. தவிர, நீங்கள் கோபப்பட்டது சென்னையில் ஆண்ட அதிமுக மேலா, டெல்லியில் ஆண்ட பாஜக மேலா? வாக்கு ஒன்றுதான். இரண்டுக்கும் சேர்த்துத்தான் போட்டிருப்பீர்கள்.

உங்கள் கோபத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இருக்கிறது. அது தேர்தல் முடிவில் இல்லை, தேர்தலுக்குப் பிறகு எந்த அரசும் எதைச் செய்யத் துணியவில்லை என்பதில் இருக்கிறது. 2018 மே 28-இல் ஸ்டெர்லைட்டை மூட அரசாணை போட்டது அதிமுக அரசு. 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்றது. 2021-இல் ஆட்சி மாறியது. புதிய அரசும் உச்ச நீதிமன்றத்தில் அதே நிலையிலேயே நின்றது. 2024 பிப்ரவரி 29-இல் ஆலையின் மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. ஒருவரை ஒருவர் எல்லாவற்றிலும் எதிர்க்கும் இரண்டு கட்சிகள் இந்த ஒன்றில் மட்டும் ஒரே நிலையில் நின்றன என்றால், இந்த ஊரின் வாக்கைப் பற்றிய அச்சம் இருவருக்கும் இருந்திருக்கிறது.

நீதி வேறு கணக்கு. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. தேர்தல் ஆளை மாற்றியது. குற்றவாளிக் கூண்டில் ஆளை நிறுத்துவது அதன் வேலை இல்லை. அந்த வேலையை ஆளுங்கட்சியிடம் கேட்டு வாங்க வேண்டும், அது யாருடைய கட்சியாக இருந்தாலும்.

விளாத்திகுளம் வாசகர்

கே: 2019 ஏப்ரல் 18-ஆம் தேதி எங்களுக்கு இரண்டு வாக்கு. மக்களவைக்கு ஒன்று, சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஒன்று. மக்களவையில் ஆளுங்கட்சி அணி மண்ணைக் கவ்வியது, இடைத்தேர்தலில் அதிமுகவின் சின்னப்பன் 28 ஆயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். எங்களைக் குழப்பவாதிகள் என்கிறார்களே?

ப: தெளிவானவர்கள் என்பேன். டெல்லிக்கு யார் என்பது ஒரு கேள்வி, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் அரசு நிற்பதா விழுவதா என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனியே பதில் எழுதினீர்கள். அதிலும் ஒரு நுணுக்கம் பாருங்கள்: அதிமுகவிலிருந்து விலகிச் சுயேச்சையாக நின்ற மார்க்கண்டேயன் அன்று 27 ஆயிரம் வாக்குக்கு மேல் வாங்கினார். அவரே 2021-இல் திமுக வேட்பாளராக வந்து சின்னப்பனைத் தோற்கடித்தார். ஆளுங்கட்சி ஜெயித்த அன்றே அதன் வீட்டுக்குள் விரிசல் எண்ணிக்கையில் தெரிந்தது. வெற்றி விழாவில் யாரும் அதைப் படிக்கவில்லை.

கோவில்பட்டி வாசகர்

கே: 2021-இல் பத்து வருட அதிமுக ஆட்சி போயிற்று. மாவட்டத்தில் ஆறில் ஐந்து தொகுதி திமுக அணிக்கு. எங்கள் ஊர் மட்டும் அமைச்சர் கடம்பூர் ராஜூவை ஜெயிக்க வைத்தது. எங்களுக்கு ஆளுங்கட்சி மேல் கோபமே இல்லையா?

ப: இருந்தது, இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ராஜூவுக்கு 68,556. அமமுகவின் டி.டி.வி. தினகரனுக்கு 56,153. திமுக அணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளர் சீனிவாசனுக்கு 37,380. அமைச்சருக்கு எதிரே நின்ற இருவரின் வாக்கைக் கூட்டினால் 93,533. 2016-இல் இதே ராஜூ ஜெயித்தது வெறும் 428 வாக்கில். கட்சி ஆட்சியில் இருந்து இறங்கிய வருடத்தில் அவர் வித்தியாசம் 12 ஆயிரத்தைத் தாண்டியது. வித்தியாசத்தை வைத்து மனசை அளக்கக் கூடாது என்பதற்கு உங்கள் ஊரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

திருச்செந்தூர் வாசகர்

கே: எங்கள் தொகுதி கட்சி பார்க்குமா, ஆள் பார்க்குமா?

ப: ஆள். அனிதா ராதாகிருஷ்ணன் 2001, 2006 இரண்டிலும் அதிமுகவில் ஜெயித்தார். 2009-இல் திமுகவுக்குப் போய் இடைத்தேர்தலில் ஜெயித்தார். 2011-இல் ஆளுங்கட்சியான திமுக 23 இடத்துக்குச் சுருங்கியபோதும் ஆயிரம் வாக்குக்கும் குறைவான வித்தியாசத்தில் தப்பினார். 2016, 2021-இலும் அவரே. உங்கள் தொகுதி முடிவை வைத்து எந்த ஆட்சிக்கும் மதிப்பெண் போடுவது தவறு.

மட்டக்கடை வாசகர்

கே: தூத்துக்குடி சட்டமன்றத் தொகுதியில் யார் ஜெயிக்கிறாரோ அவர் கட்சிதான் கோட்டைக்குப் போகும் என்று என் அப்பா சொல்வார். உண்மையா?

ப: உங்கள் அப்பா காலத்துக்கு உண்மை. 1989 திமுக, 1991 அதிமுக, 1996 திமுக, 2001 அதிமுக, 2006 திமுக, 2011 அதிமுக. ஆறு தேர்தல், ஆறு முறையும் ஊரும் கோட்டையும் ஒரே பக்கம். 1989, 1996 இரண்டிலும் ஜெயித்தவர் என். பெரியசாமி, 2006-இல் அவர் மகள் கீதா ஜீவன். 2016-இல் அந்தச் சங்கிலி அறுந்தது. ஜெயலலிதா ஆட்சியைத் தக்கவைத்தார், தூத்துக்குடி கீதா ஜீவனை எதிர்க்கட்சி வரிசைக்கு அனுப்பியது. துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு வருடம் முன்பே இந்த நகரம் ஆளுங்கட்சியை விட்டு விலகிவிட்டது. 2018-ஐ மட்டும் வைத்துக் கதை சொல்கிறவர்கள் 2016-ஐத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

புன்னைக்காயல் வாசகர்

கே: கடற்கரை ஊர்களில் ஒரு பயம் உண்டு. ஆளுங்கட்சிக்கு வாக்கு குறைந்தால், கேட்ட தூண்டில் வளைவு வராது, சாலை வராது என்கிறார்கள். ரகசிய வாக்குதானே? அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ப: உங்கள் வாக்கு தெரியாது. உங்கள் ஊரின் வாக்கு தெரியும். இதை நான் மிகவும் கவலையோடு எழுதுகிறேன்.

காகிதச் சீட்டு இருந்த காலத்தில் பல வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண விதி இருந்தது. எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று கண்டுபிடிக்க முடியாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. மின்னணு இயந்திரம் வந்ததும் ஒவ்வொரு இயந்திரத்தையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கு படிவம் 20 என்ற பெயரில் வாக்குச்சாவடி வாரியாக வெளியாகிறது. நகரத்தில் ஒரு சாவடியில் நாலு தெரு, பல சாதி, பல தொழில் கலந்திருக்கும். கடலோரத்தில் அப்படி இல்லை. ஒரு ஊர், ஒரு கோயில், ஒரு சாவடி. படிவத்தைத் திறந்தால் ஊரே வரிசையில் நிற்கிறது. ஒன்றியச் செயலாளர் அதைப் படித்துவிட்டு உங்கள் ஊர்க் கமிட்டியிடம் பேசும்போது அவர் குரலில் என்ன இருக்கும் என்று நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. 14 இயந்திரங்கள் வரை ஒன்றாக இணைத்து மொத்தக் கணக்கை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. சாவடி வாரிக் கணக்கு கட்சி வேலைக்குப் பயன்படுகிறது என்பது ஏற்காதவர்களின் வாதங்களில் ஒன்று. கட்சிக்குப் பயன்படுகிறது என்பதே அதை நிறுத்தப் போதுமான காரணம் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் கேள்வியில் இன்னொன்றும் புதைந்திருக்கிறது. ஒரு மீனவ ஊரில் ஆளுங்கட்சிக்கு எண்பது சதவீதம் விழுந்தால் அதை அன்பு என்று எழுதிவிடுகிறோம். தூண்டில் வளைவு இல்லாமல் வள்ளத்தைக் கரையேற்ற முடியாத ஊர், அந்த வாக்கைப் பயத்தோடும் போட்டிருக்கலாம், நம்பிக்கையோடும் போட்டிருக்கலாம். எண் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும்.

முத்தையாபுரம் உப்பளத் தொழிலாளி

கே: மழைக் காலத்தில் அளத்தில் வேலை இல்லாதபோது எங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு 6,000. இதைக் கொடுத்ததால்தான் 2024-இல் வாக்கு விழுந்தது என்று பேசுகிறார்களே? எங்களைக் கேவலமாக நினைக்கிறார்களா?

ப: அப்படிப் பேசுகிறவர்களிடம் 2011-ஐ நினைவூட்டுங்கள். வண்ணத் தொலைக்காட்சி கொடுத்து, கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி கொடுத்து ஆண்ட திமுகவை மக்கள் அந்த வருடம் எதிர்க்கட்சி அந்தஸ்துகூட இல்லாமல் இறக்கினார்கள். மின்வெட்டை அவர்கள் மறக்கவில்லை. வாங்கியதை வாங்கிக்கொண்டு போட வேண்டியதைப் போட்டார்கள்.

வெள்ளம் வேறு. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு நின்றுபோனது. முன்னெச்சரிக்கை யார் கொடுத்தார், யார் கேட்கவில்லை, நிதி யார் தரவில்லை என்று மாநில அரசும் மத்திய அரசும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொண்டன. நான்கே மாதத்தில் வந்தது மக்களவைத் தேர்தல். நீங்கள் மாநில அரசின் நிவாரணத்தை எடைபோட்டீர்களா, மத்திய அரசின் நிதியை எடைபோட்டீர்களா என்று சீட்டு சொல்லாது. சில ஆயிரம் ரூபாய்க்கு விலைபோனார்கள் என்று உப்பளத்தில் வெயிலில் நிற்கும் மனிதரைப் பற்றி எழுதுகிறவர், அந்த அளத்தில் ஒரு நாள் வாருபலகை பிடிக்கட்டும்.

பழைய துறைமுகத்திலிருந்து ஒரு தோணி மாலுமி

கே: வாக்குப்பதிவு அன்று நான் மாலத்தீவுப் பக்கம் தோணியில் இருந்தேன். எனக்கும் மனசு உண்டு. அது எந்தக் கணக்கில் வருகிறது?

ப: எந்தக் கணக்கிலும் வரவில்லை. ராணுவத்தாருக்கு உள்ள தபால் வாக்கு வணிகக் கப்பலிலும் தோணியிலும் வேலை செய்கிறவர்களுக்கு இல்லை. 2019, 2024 இரண்டிலும் வாக்குப்பதிவு ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வந்ததால் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருந்தார்கள். உங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பெருந்துறைமுகம் என்று 1974 முதல் பெருமை பேசும் ஊர், மாலுமிக்குத் தபால் வாக்கு கேட்டு ஒரே குரலில் பேச வேண்டும்.

காயல்பட்டினம் வாசகர்

கே: மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில், இலங்கையில், என்ன நடக்கிறது? 2024 நவம்பரில் யாழ்ப்பாணத்தையே ஆளுங்கட்சி பிடித்துவிட்டதே?

ப: பிடித்தது. அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றை எடுத்தது. சிங்களத் தெற்கின் கட்சி ஒன்று அங்கே முதலிடம் பெற்றது வரலாறு. ஆனால் வாங்கிய வாக்கு சுமார் நான்கில் ஒரு பங்குதான். தமிழ்க் கட்சிகள் சிதறி நின்றன. அடுத்த மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி வடக்கில் மீண்டும் தலைதூக்கியது. பழைய தமிழ்த் தலைமை மேல் இருந்த சலிப்பை, கொழும்பு மேல் வந்த காதல் என்று வாசித்தவர்கள் ஆறே மாதத்தில் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

வ.உ.சி. கல்லூரி மாணவி

கே: வாக்குரிமை இல்லாத காலத்தில் இந்த ஊர் ஆள்பவர் மேல் உள்ள அதிருப்தியை எப்படிக் காட்டியது?

ப: கையை மடக்கிக்கொண்டு. 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். பத்து நாளுக்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானபோது அதே தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இம்முறை கூலிக்காக இல்லை. அந்த நிறுத்தத்துக்கு என்ன பொருள் என்று வெள்ளை அரசு ஆள் வைத்து ஆராய வேண்டியிருக்கவில்லை.

ஆழ்வார்திருநகரி வாசகர்

கே: சரி ஐயா, தேர்தல் முடிவை ஒரு சாதாரண வாசகன் எப்படித்தான் படிப்பது?

ப: யார் ஜெயித்தார் என்பதைத் தெரிந்துகொண்டதும் அதை ஓரமாக வையுங்கள். ஜெயித்தவர் போன முறை வாங்கிய வாக்கையும் இந்த முறை வாங்கியதையும் எடுங்கள். எதிரே நின்றவர்கள் சேர்ந்து நின்றார்களா, பிரிந்து நின்றார்களா என்று பாருங்கள். மூன்றாவது, நான்காவது இடத்தில் வந்தவரின் எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். கோபம் பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். சட்டமன்றமா, மக்களவையா, இடைத்தேர்தலா என்று பிரித்துப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் ஊரின் மனசு முழுதாகத் தெரியாது. ஆனால் யார் பொய் சொல்கிறார் என்பது தெரிந்துவிடும்.

படிவம் 20 தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. உங்கள் சாவடியின் கடைசி மூன்று தேர்தல் கணக்கை எடுத்து, நடுவில் உங்கள் ஊரில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம். வந்தவற்றை வைத்து இதே பக்கத்தில் மீண்டும் பேசுவோம்.